அலமாரிக்குள் சிரித்தவர்கள்

ஆகஸ்ட் 3, இரவு

அன்புள்ள அத்தைக்கு,

முதலில் ஒரு கெஞ்சல். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். டிப்போவில் உங்களோடு டீ குடிக்கிறவர்களிடம்கூட. படித்ததும் கிழித்துவிடுங்கள். கிழிக்க மனசு வரவில்லை என்றால் உங்கள் பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்கு அடியிலாவது ஒளித்து வையுங்கள். அப்பாவுக்குத் தெரிந்தால் நான் தீர்ந்தேன்.

நான் யார் என்று தெரிகிறதா? உங்கள் தம்பி மகள். கடைசியாக நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது உங்கள் யூனிஃபார்ம் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கழற்றவே மாட்டேன் என்று அழுதவள். 'வாலு' என்று பெயர் வைத்ததே நீங்கள்தான். இப்போது ஒன்பதாம் வகுப்பு. வால் அப்படியே இருக்கிறது.

விஷயம் இதுதான். நான் சினிமாவில் நடிக்கப் போகிறேன்.

குதிக்காதீர்கள். எந்தப் படம் என்று கேட்டால் குதிக்க மாட்டீர்கள். நீங்களும் அப்பாவும் சின்னப் பிள்ளைகளாக இருந்த ஊரில் நம் ஆட்களை வீடு வீடாகத் தேடிக் கொன்றார்களே, அந்தக் கோடைகாலத்தைப் பற்றிய படம். எங்கள் பாடப் புத்தகத்தில் அதற்குக் 'கலவரம்' என்று பெயர், இரண்டே வரி. பள்ளிக்கூடத்துக்கு வந்த டைரக்டர் மேடம் கரும்பலகையில் அந்த வார்த்தையை எழுதி, அடித்துவிட்டு, பக்கத்தில் 'இனப்படுகொலை' என்று எழுதினார். சரித்திர டீச்சர் ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிப் படம் அந்தக் கோடையைப் பற்றியதாம். மீதிப் பாதி, மிஞ்சியவர்கள் அதற்குப் பிறகு எப்படித் தூங்கினார்கள், யார் யாரோடு பேசாமல் போனார்கள் என்பதைப் பற்றியதாம்.

பிறகு எங்களை வரிசையாக நிற்கவைத்து, "கதவுக்கு வெளிய உங்களைத் தேடி ஆள் வந்திருக்கு. என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். எல்லோரும் பிரமாதமாக அழுதார்கள். என் தோழி சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதாள். என் முறை வந்தது. எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் எனக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியுமே. சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க மூக்கு வழியாகப் பீறிட்டுக்கொண்டு வந்தது. தலைமையாசிரியர் கையை ஓங்கினார். டைரக்டர் மேடம், "இந்தப் பொண்ணுதான்" என்றார்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் வேலை பார்க்கிற மருந்துக் கடையில் கூட்டம் இருந்த நேரமாகப் பார்த்துச் சொன்னேன், திட்ட முடியாதே! அம்மா மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே, "நான் சம்மதம் சொல்லிடறேன். ஆனா உங்கப்பாகிட்ட சொல்ற வேலை உன்னோடது" என்றாள். அந்த வேலைதான் நடக்கவில்லை.

அப்பாவை உங்களுக்குத் தெரியும். இப்போது இன்னும் மோசம். எங்கள் வீட்டில் காலிங் பெல் கிடையாது. யாரும் யார் அறைக் கதவையும் தட்டக் கூடாது. அப்பா வந்தால் வெளியே நின்று இருமுவார். அம்மா சாவிக்கொத்தை ஆட்டுவாள். நான் பாட்டுப் பாடுவேன். புதிதாக வருகிறவர்கள் எங்களுக்கெல்லாம் ஏதோ தொற்று வியாதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்பாவின் தச்சுப் பட்டறையிலும் அதே கதைதான். யார் அலமாரி செய்யச் சொன்னாலும் கதவுக்கு உள்பக்கமும் ஒரு கைப்பிடி வைத்துத்தான் கொடுப்பார். போன மாதம் ஒரு கல்யாண வீட்டுக்காரர், "ஏங்க, ராத்திரியில துணியெல்லாம் தானா எழுந்து வெளிய வருமா?" என்று கேட்டார். அப்பா சிரிக்கவில்லை. "வேண்டாம்னா வேற கடை பாருங்க" என்றார்.

அத்தை, இரண்டு கேள்வி. படத்தில் தம்பியோடு ஒளிந்து தப்பிக்கிற ஒரு அக்காவாகத்தான் நான் நடிக்கிறேன், அந்த அக்கா நீங்கள்தானா? அப்பா ஏன் உங்களோடு பேசுவதில்லை? போன வருஷம் போனில் கத்தியதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அப்பா கத்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

பதிலை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். சோடாபுட்டியின் அம்மா தையல் கடை முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

பயத்துடன்,
வாலு

—

ஆகஸ்ட் 11
டிப்போ

வாலுவுக்கு,

உன் கடிதத்தை ஸ்டியரிங் மேல் வைத்தே படித்தேன். பயப்படாதே, பஸ் நின்றுகொண்டிருந்தது. பின்னால் இருந்த பெரியவர், "என்ன டிரைவரம்மா, லவ் லெட்டரா?" என்று கேட்டார். "ஆமா பெரியவரே, மாப்பிள்ளை ஒன்பதாங்கிளாஸ் படிக்கிறார்" என்றேன். மனுஷன் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.

கிழிக்கவில்லை. சீட்டுக்கு அடியிலும் வைக்கவில்லை. என் பையில் இருக்கிறது.

முதல் கேள்விக்குப் பதில், ஆமாம். அந்த டைரக்டர் என்னைத் தேடி வந்து, டிப்போ கேன்டீனில் பல நாள் உட்கார்ந்து கதை கேட்டாள். நல்ல பெண்தான், டீயில் சர்க்கரைதான் அதிகம் போட்டுக்கொள்கிறாள். நீதான் எனக்கு வேஷம் போடப் போகிறாயா? அப்படியென்றால் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது முன்பல் ஒன்று உடைந்திருந்தது, முழங்காலில் எப்போதும் ஒரு சிராய்ப்பு இருக்கும், கால் நன்றாக ஓடும். உன்னைப் போலப் பாத்திரம் கழுவச் சொன்னால் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும் ரகம் இல்லை. (உன் அம்மா முன்பு எழுதியிருக்கிறாள். எனக்கு எல்லாம் தெரியும்.)

இரண்டாவது கேள்வி கொஞ்சம் கஷ்டம். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் பின்பக்க ஜன்னலை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய மர அலமாரி நின்றது. மேலே துணி, கீழே படுக்கை வைக்கத் தனி அறை, அதற்கு ஒரு சின்னக் கதவு. அவர்கள் வந்தபோது நானும் உன் அப்பனும் அந்தக் கீழறையில் இருந்தோம். அவன் உள்மூலையில், நான் கதவுப்பக்கம். வெளியே அறைக்குள் பூட்ஸ் சத்தம். உன் அப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சந்தோஷச் சிரிப்பா அது? உனக்கு வந்ததே, அதே சிரிப்பு. நம் குடும்பத்து வியாதி. என் அப்பாவுக்கும் இருந்தது, சாவு வீட்டுக்குப் போனால் வாயில் துண்டை வைத்துக்கொண்டுதான் நிற்பார். நான் தம்பியின் வாயைப் பொத்தினேன். அவ்வளவுதான் நடந்தது.

இதை டைரக்டரிடம் சொன்னேன். அது உன் அப்பன் காதுக்கு எப்படியோ போய்விட்டது. போனில் வந்தான். "அவ்வளவு பேர் செத்துக்கிட்டிருந்தப்ப நான் சிரிச்சேன்னு ஊரெல்லாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கணுமா?" என்றான். நானும் சும்மா இருந்திருக்கலாம். "சிரிச்சவன் சிரிச்சேன்னு ஒத்துக்கடா" என்றேன். அதற்குப் பிறகு என் எண்ணிலிருந்து அழைத்தால் எடுப்பதில்லை. கடிதம் போட்டால் பிரிக்காமல் திரும்பி வருகிறது. அதே வாரம் டைரக்டரிடம், "அந்தப் பையன் அழுததா மாத்திடும்மா" என்று கேட்டுக்கொண்டேன். மாற்றிவிட்டாள். அதை உன் அப்பனிடம் சொல்லவும் வழியில்லை.

சின்ன வயசிலும் இப்படித்தான், பிடிவாதம். அந்த இருட்டு அலமாரிக்குள் தான் வானத்தைப் பார்த்ததாகச் சொல்வான். "நீலமா இருந்துச்சு அக்கா" என்பான். பொய் சொல்லாதேடா என்று தலையில் குட்டுவேன். குட்டக் குட்ட, பார்த்தேன் பார்த்தேன் என்பான்.

அப்பாவிடம் சீக்கிரம் சொல்லிவிடு. ஒளித்து வைத்து எங்கள் வீட்டில் யாருக்கும் நல்லது நடந்ததில்லை.

அத்தை

பி.கு: அந்தத் தொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. உன் பல் பட்ட இடம் அப்படியே இருக்கிறது. எதற்காகக் கடித்தாய்?

—

ஆகஸ்ட் 24, இரவு

அன்புள்ள அத்தைக்கு,

இதையும் யாரிடமும் காட்டாதீர்கள். அந்தப் பெரியவரிடம் கண்டிப்பாக வேண்டாம்.

படப்பிடிப்பு ஆரம்பித்துவிட்டது. ஊருக்கு வெளியே இருந்த பழைய நூல் கிடங்கை உங்கள் வீடாக மாற்றியிருக்கிறார்கள். முன்பக்கம் பார்த்தால் வீடு. பின்னால் போனால் வெறும் ஒட்டுப்பலகை, முட்டுக்கொடுத்த கட்டை, ஒயர். ஜன்னலுக்கு வெளியே உங்கள் தெரு தெரிகிறது. அது துணியில் வரைந்த தெரு, காற்றடித்தால் வீடெல்லாம் வயிறு உப்பும்.

பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து கதவை உடைக்கிறவர் நிஜத்தில் ஒரு பல் டாக்டர், நாடக ஆசையில் வந்திருக்கிறார். துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "வாயைத் திற, அந்தக் கடைவாய்ப்பல் சரியில்ல போல" என்கிறார். அவரைப் பார்த்தால் எனக்கு இப்போது இரண்டு விதமாகப் பயம். அப்பாவாக நடிக்கிற சின்னவன் இருக்கிறானே, அவன் அழ வேண்டிய காட்சிகளில் எல்லாம் ஒழுங்காக அழுகிறான். பிறகு கணக்காக பிஸ்கட் கேட்கிறான்.

ஆனால் போன வெள்ளிக்கிழமை விபரீதமாகிவிட்டது.

அலமாரிக் காட்சி. எங்கிருந்தோ வாடகைக்கு ஒரு பழைய அலமாரி கொண்டுவந்திருந்தார்கள். ஒத்திகைக்காக என்னை மட்டும் கீழறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். வெளியே பூட்ஸ் சத்தம். பல் டாக்டர்தான், எனக்குத் தெரியும். இருந்தாலும் சிரிப்பு வந்துவிட்டது. "கட்! உள்ள யாரும்மா சிரிக்கறது?" என்று சத்தம் கேட்டது. கதவைத் திறக்கப் பார்த்தால் திறக்கவில்லை. பலகை உப்பிப் போய் இறுகிவிட்டது. உள்பக்கம் பிடித்து இழுக்க எதுவுமே இல்லை. அத்தை, அப்போதுதான் எனக்கு அப்பாவின் கைப்பிடி ஞாபகம் வந்தது. கல்யாண வீட்டுக்காரரோடு சேர்ந்து நானும் சிரித்தேனே என்று இருந்தது. லைட் போடுகிற அண்ணன் கடப்பாரை கொண்டுவந்து நெம்பி எடுத்தார். அதுவரை நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். வெளியே வந்தபோது கன்னமெல்லாம் ஈரம்.

டைரக்டர் மேடம் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "உனக்கு எப்பவும் இப்படித்தான் வருமா?"

"எங்க குடும்பத்துக்கே இப்படித்தான் மேடம்."

மேடம் என் முடியில் ஒட்டியிருந்த மரச்சிராயை எடுத்துப் போட்டார். பிறகு, "உங்க அத்தை முதல்ல சொன்னது சிரிப்புதான். அப்புறம் மாத்தச் சொன்னாங்க. அழுகையைவிட அதுதான் நிஜம்மா. ஆனா உங்கப்பா சரின்னு சொல்லாம நான் அதை எடுக்க மாட்டேன். கேட்டுப் பார்க்கறியா? முடியாதுன்னா விட்டுடு, சின்னவன் அழட்டும்" என்றார். அந்தக் காட்சியைக் கடைசி நாளுக்குத் தள்ளிவிட்டார்கள். புது அலமாரி செய்து வர வேண்டுமாம்.

இப்போது எனக்கு இரட்டை வேலை. நடிக்கிறேன் என்றும் சொல்ல வேண்டும், சிரிக்க வைக்கவா என்றும் கேட்க வேண்டும். சாப்பிடும்போது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அப்பா நிமிர்ந்தார். "உப்பு" என்றேன். உப்பு எனக்கு முன்னால்தான் இருந்தது. அம்மா தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள். அங்கே தோள் குலுங்கியதைப் பார்த்தேன். அம்மா நம் குடும்பத்து ரத்தம்கூட இல்லை, அவள் எதற்குச் சிரிக்கிறாள்?

அப்பாவும் சரியில்லை. அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து பட்டறையிலிருந்து நேரம் கழித்துத்தான் வருகிறார். என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். நான் பார்த்தால் விட்டத்தைப் பார்க்கிறார். கண்டுபிடித்துவிட்டாரோ?

இன்னொன்று. போன தடவையே எழுத நினைத்து விட்டுவிட்டேன். அன்று போனில் நீங்கள் வைத்த பிறகும் அப்பா போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெதுவாக, யாரிடமோ சொல்வதுபோல, "நான் சிரிச்சதாலதானே அம்மா சமையல்கட்டுல இருந்து வெளிய ஓடினா. எங்களை விட்டுட்டு அவளைத் துரத்தட்டும்னுதானே ஓடினா" என்றார். நீங்கள் அதைக் கேட்டிருக்க முடியாது, இல்லையா?

வாலு

பி.கு: தொப்பியை ஏன் கடித்தேன் என்றால், நீங்கள் ஊருக்குப் போகக் கூடாது என்று.

—

ஆகஸ்ட் 31

என் தங்கமே,

இன்று லீவு போட்டுவிட்டேன். இத்தனை வருஷ வேலையில் காய்ச்சல் இல்லாமல் நான் போட்ட முதல் லீவு. மேற்பார்வையாளர் நேரில் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

உன் கடைசிப் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உன் அப்பன் இப்படி ஒன்றை நெஞ்சில் வைத்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன்.

கவனமாகப் படி.

அன்று காலையில் அம்மா வீட்டிலேயே இல்லை. விடியும் முன்னால் பால் வாங்கப் போனாள். உன் அப்பன் அப்போது நல்ல தூக்கம். எங்கள் அப்பாவை முந்தின வாரமே கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள், திரும்பி வரவில்லை. நான் ஜன்னலில் அம்மாவுக்காகக் காத்திருந்தேன். தெருமுனையில் அவள் பையைப் பார்த்தேன். பிறகு அவளையும் பார்த்தேன். அதற்கு மேல் நான் யாருக்கும் சொன்னதில்லை, உனக்கும் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகுதான் தம்பியை எழுப்பி, இழுத்துக்கொண்டு போய் அலமாரியில் தள்ளினேன். அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தது அதற்கும் பிறகு. அவன் சிரித்தபோது எங்கள் அம்மாவுக்கு நடந்தது எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

அப்படியென்றால் சமையல்கட்டிலிருந்து ஓடியது யார்?

ஆடு.

நிஜமாகத்தான் எழுதுகிறேன். அடுத்த வீட்டுக் கறுப்பாடு. ஒரு காது கிழிந்திருக்கும், ஊரிலேயே பெரிய திருட்டுக் கழுதை. (ஆட்டைக் கழுதை என்று திட்டுவது எங்கள் அம்மாவின் பழக்கம்.) எங்கள் சமையல்கட்டுக்குள் புகுந்து ரொட்டியை இழுப்பது அதன் அன்றாட வேலை. அன்றும் வந்திருக்கிறது. உன் அப்பன் சிரித்ததும் பூட்ஸ் சத்தம் நின்றது. சரி, தீர்ந்தோம் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் இந்த மகராசி ஒரு பெரிய பாத்திரத்தைத் தள்ளிவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடினாள். "பிடிங்கடா!" என்று கத்திக்கொண்டு அத்தனை பேரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். நான் கதவு இடுக்கில் கண்ணை வைத்திருந்தேன். அது வாசற்படியைத் தாண்டிக் குதித்ததைப் பார்த்தேன், வாயில் ரொட்டியோடு. பிறகு அவர்கள் திரும்பி வரவே இல்லை. உள்மூலையில் இருந்த உன் அப்பனுக்கு ஓடுகிற சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கும்.

நாற்பது வருஷமாக என் தம்பி ஒரு ஆட்டுக்காகத் தன்னைத் தண்டித்துக்கொண்டிருக்கிறான்! எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. எப்படிப்பட்ட சிரிப்பு என்று உனக்குத் தெரியும்.

டைரக்டரிடம் ஆட்டைப் பற்றியும் சொன்னேன். "அம்மா, இதை எடுத்தா ஜனங்க நம்ப மாட்டாங்க" என்று விட்டுவிட்டாள். அவளிடம் சொல், நம்புகிறவர்கள் நம்பட்டும்.

இன்னொன்றும் அவனிடம் சொல்ல வேண்டும். நான் அவன் வாயைப் பொத்தியபோது அவன் என் உள்ளங்கைக்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தான். சூடாக, ஈரமாக, புஸ் புஸ்ஸென்று. ஜன்னலில் அதைப் பார்த்துவிட்டு வந்திருந்த எனக்கு, என் கையில் அந்த மூச்சு பட்டுக்கொண்டே இருந்தது. ஒருத்தன் மிச்சம் இருக்கிறான், விடாதே, விடாதே என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. அவன் சும்மா இருந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ. அந்தச் சிரிப்பை அவமானம் என்று அவன் நினைக்கிறான். நான் அதைப் பிடித்துக்கொண்டுதான் இன்றுவரை பஸ் ஓட்டுகிறேன்.

போன் செய்தால் எடுக்க மாட்டான், கடிதம் திரும்பி வரும். ஆகையால் நீதான் சொல்ல வேண்டும். நீ சினிமாவில் நடிப்பதும் எனக்கு எழுதுவதும் அப்போது தெரிந்துவிடும். திட்டுவான். திட்டட்டும். வாலு, உன்னால் முடியும். ஆட்டிலிருந்து ஆரம்பி.

அத்தை

—

செப்டம்பர் 9, இரவு

அன்புள்ள அத்தைக்கு,

இதை யாரிடமும் காட்டாதீர்கள் என்று எழுத ஆரம்பித்தேன். நாளைக்குப் பிறகு யாருக்குக் காட்டினாலும் ஒன்றுதான். நாளை கடைசி நாள் படப்பிடிப்பு. அலமாரிக் காட்சி. நான் இன்னும் அப்பாவிடம் சொல்லவில்லை.

சொல்லப் போனேன், அத்தை. பலமுறை போனேன். ஒருமுறை பட்டறை வரைக்கும் போனேன். கதவு உள்ளே சாத்தியிருந்தது, இழைப்பு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வழக்கப்படி வெளியே நின்று பாட்டுப் பாடினேன். மெஷின் நின்றது. உள்ளே அவசர அவசரமாக எதையோ துணி போட்டு மூடுகிற சத்தம் கேட்டது. அப்பா கதவைத் திறந்து, வாசலை அடைத்துக்கொண்டு நின்று, "என்ன?" என்றார். தலையெல்லாம் மரத்தூள். "அம்மா கூப்பிடறாங்க" என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் வீட்டுக்குப் போனோம். அம்மா, "நான் கூப்பிடலையே" என்றாள். அப்பாவுக்குக் கோபம்கூட வரவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

ஆட்டைப் பற்றி டைரக்டர் மேடத்திடம் சொன்னேன். இப்போது ஒரு கறுப்பாடு வந்திருக்கிறது. அதற்கு ஒரு பாதுகாவலர், ஒரு குடை. வந்த அன்றே வசனப் பேப்பரை நன்றாக மென்று தின்றது. பல் டாக்டர் அதன் வாயைப் பிடித்துப் பார்த்து, "பிரமாதமான பல்" என்று சான்றிதழ் கொடுத்தார். காதில் கிழிசலுக்கு மேக்கப் போடப் போன அக்காவின் துப்பட்டாவும் பாதி போய்விட்டது. உங்கள் ஆடும் இப்படித்தானா?

ஆனால் நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தது ஆட்டைப் பற்றி இல்லை.

இன்று மத்தியானம் புது அலமாரி வந்தது. வண்டியிலிருந்து இறக்கி, உங்கள் வீட்டுக்குள் பின்சுவர் இல்லாத பக்கமாக வைத்தார்கள். பெரியதாக, கறுப்பாக, ரொம்ப நாளாக அங்கேயே இருந்ததுபோல நின்றது. எனக்கு உள்ளே போகவே பிடிக்கவில்லை. போன தடவை நடந்தது ஞாபகம் இருக்கிறதே. மேடம், "கதவைச் சாத்த மாட்டோம், உட்கார்ந்து பாரு, போதும்" என்றார். கீழறையில் போய் உட்கார்ந்தேன். நானாகவே கதவை இழுத்துச் சாத்தினேன். எதைப் பிடித்து இழுத்தேன் என்று யோசித்துப் பார்த்தால், உள்பக்கம் ஒரு கைப்பிடி.

அத்தை, உலகத்திலேயே அலமாரிக்கு உள்பக்கம் கைப்பிடி வைக்கிற ஆள் ஒருத்தர்தான் இருக்கிறார்.

கையால் தடவித் தடவிப் பார்த்தேன். உள்விளிம்பெல்லாம் கையில் சிராய் ஏறாதபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து உருட்டியிருந்தது. கேமராவில் தெரியாத இடம். யாருக்காக அதைத் தேய்க்க வேண்டும்? பிறகு உள்மூலைக்கு நகர்ந்தேன். நாளைக்குச் சின்னவன் உட்காரப் போகிற இடம், அப்பா உட்கார்ந்திருந்த இடம். குனிந்தேன். பின்பலகையில், தரைக்குக் கொஞ்சம் மேலே, ஒரு சின்னப் பையன் முகம் வரும் உயரத்தில் ஒரு துளை. ஆணி அடித்த துளை இல்லை. மரத்தின் கணு விழுந்தால் வருமே, அதுபோல வழவழப்பாகச் செதுக்கியது. கண்ணை வைத்துப் பார்த்தேன். கிடங்கின் மேலே கூரைத் தகடு ஒன்று உடைந்திருக்கிறது. அதன் வழியாக வானம் தெரிந்தது. நீலமாக.

அப்பா பொய் சொல்லவில்லை அத்தை. உங்களுக்குத் தெரியாது, நீங்கள் கதவுப்பக்கம் இருந்தீர்கள். அவர் பார்த்திருக்கிறார். அவர் தலையில் வைத்த குட்டுகளையெல்லாம் நீங்கள் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

வெளியே வந்து ஆர்ட் டைரக்டர் அண்ணனிடம், "இதைச் செய்தது யாருண்ணா?" என்று கேட்டேன். "ஊருக்குள்ள பட்டறை வெச்சிருக்கார்மா, சரியான முசுடு. முதல்ல போனப்ப சினிமாவுக்கெல்லாம் செய்ய மாட்டேன்னு விரட்டிட்டாரு. அப்புறம் ஒருநாள் அவரே வந்து, குழந்தை உள்ள மாட்டிக்கிச்சாமே, நான் செஞ்சு தரேன்னாரு. படம் வரைஞ்சு குடுத்தா வாங்கிப் பார்க்கவே இல்ல. எனக்குத் தெரியும்னாரு" என்றார்.

குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டது அவருக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைப் பிடித்தேன். "நீதான் சொன்னியா?" அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "எதை?" என்றாள். "எல்லாத்தையும்!" "எல்லாத்தையும்தான்" என்றாள். "அந்த வெள்ளிக்கிழமை நீ வந்து நின்ன கோலத்தைப் பார்த்துட்டு எப்படி சொல்லாம இருக்கறது? அவரு ராத்திரியெல்லாம் தூங்கல. காலைல எழுந்து மரம் எடுக்கப் போயிட்டாரு. உன்கிட்ட சொல்லாதேன்னாரு. நீ அவர்கிட்ட சொல்லாதேன்னே. நான் நடுவுல உட்கார்ந்து எத்தனை நாளைக்கு உப்பையே பார்த்துக்கிட்டிருக்கறது?"

நான் உங்களுக்கு எழுதுவதும் தெரியுமாம். சோடாபுட்டியின் அம்மா, என் அம்மாவிடம் மாத்திரை வாங்குகிறவள்தானே, நான் எப்படி மறந்தேன்? உங்கள் கடிதங்களைப் பற்றி அம்மா சொன்னபோது அப்பா, "அக்கா நல்லா இருக்காளாமா?" என்று மட்டும் கேட்டாராம்.

அதனால் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். ஒன்றைத் தவிர. ஆடு. நம் குடும்பத்தில் அது எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். அம்மாவிடமும் நான் சொல்லவில்லை, அது அப்பா முதலில் கேட்க வேண்டியது. அந்த மூலையையும் அந்தத் துளையையும் தன் கையாலேயே மறுபடி செய்தாரே, அப்போதுகூட அவர் தன் அம்மா ஓடுகிற சத்தத்தைத்தானே கேட்டுக்கொண்டிருப்பார்? நாளைக் காலையில் வண்டி வந்துவிடும். அதற்கு முன்னால் சொல்ல வேண்டும்.

எப்படிச் சொல்வது என்று கண்ணாடி முன்னால் நின்று பழகிப் பார்த்தேன். "அப்பா, அது பாட்டி இல்லப்பா, ஆடு." கேட்கவே மோசமாக இருக்கிறது. "அப்பா, ஒரு ஆடு இருந்துச்சாமே." கதை சொல்வதுபோல இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. இப்போதும் வருகிறது, எழுத்து கோணுவதைப் பாருங்கள். தன் அம்மாவைப் பற்றிச் சொல்ல வந்தவள் எதிரில் நின்று சிரித்தால் அப்பா என்ன நினைப்பார்?

கூடத்தில் அப்பா இன்னும் நடந்துகொண்டிருக்கிறார். என் அறை வரைக்கும் வருகிறார், திரும்பிப் போகிறார். அவர் இருமினால் கதவைத் திறந்து சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். இதுவரை இருமவில்லை. வருகிறார். போகிறார். இப்போது மறுபடி வரு

அத்தை, கதவைத் தட்டுகிறார்கள்.

எங்கள் வீட்டில் யாரும் தட்ட மாட்டார்கள். மெதுவாக, விரல் கணுவால், தட்டத் தெரியாதவர் தட்டுவதுபோலத் தட்டுகிறார்கள். வெளியே ஒரு சத்தமும் கேட்கிறது. யாரோ சிரிக்கிறார்கள். அடக்க அடக்க மூக்கு வழியாகப் பீறிட்டுக்கொண்டு வருகிற சிரிப்பு. அம்மாவுக்கு அப்படிச் சிரிக்க வராது.

அத்தை, அப்பாவுக்கும் பயமாக இருக்கிறது. நான் போய் ஆட்டிலிருந்து ஆரம்பி